குதிரைக்கு வைத்த பொங்கல்

எங்கள் வீட்டில் ஒரு குதிரை இருந்தது என்றால் என் மகன் நம்புவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எதிரே ஒரு கைவண்டி வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமே, அங்கே குதிரையா அம்மா என்கிறான். கேட்பது நியாயம்தான். ஆனால் இருந்தது. ஓணம் கழிந்து வந்தது, பொங்கல் வரைக்கும் இருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பாவுக்குப் பஜாரில் வற்றல் மிளகாய்க் கமிஷன் கடை. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்கப் போன சில குடும்பங்கள் அந்தச் சந்தில் அடுத்தடுத்து இருந்தோம். எல்லாருக்கும் மிளகாய், வெங்காயம், மல்லி என்று கண்ணில் நீர் வரவழைக்கிற வியாபாரம்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. நடுவில் ஒரு முற்றம். முற்றத்து ஓரத்தில் முன்பு வண்டிமாடுகள் நின்ற கொட்டகை. லாரிகள் வந்த பிறகு அப்பா மாடுகளை விற்றுவிட்டார், கொட்டகை சும்மா கிடந்தது.

சும்மா என்ற சொல்லில்தான் அப்பாவின் பலவீனமே இருந்தது. எது சும்மா கிடைத்தாலும் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஓடாத சுவர்க்கடிகாரம், கப்பலில் இருந்து இறக்கிய துருப்பிடித்த லாந்தர், கிளி இல்லாத கிளிக்கூண்டு எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். குதிரையும் அப்படித்தான் வந்தது.

போர்ட் கொச்சியில் ஒரு வயதான துரைசாணி இருந்தாள். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் போகாமல் இருந்தவள். அடிபட்ட ஜட்கா வண்டிக் குதிரைகள், நொண்டிக் கழுதைகள் என்று போலீஸ்காரர்கள் சொந்தக்காரனிடமிருந்து பறித்துக்கொண்டு வருகிற பிராணிகளைத் தன் பங்களா வளாகத்தில் வைத்துப் பராமரித்துவந்தாள். அவளுக்கும் கடைசியில் ஊருக்குக் கப்பலேற வேண்டிய நாள் வந்தது. பிராணிகளை நல்ல வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். வீடு கிடைக்காத குதிரையைக் கப்பலேறுவதற்கு முன் சுட்டுவிடுவாள். கண்டவன் கையில் மறுபடி அடிபடுவதைவிடச் சாவது மேல் என்பது அவர்கள் வழக்கமாம். அவளிடம் குதிரை பார்த்துவந்த மலையாளி ஒருவர் கடைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, ஒரு பெண்குதிரைக்கு மட்டும் இன்னும் வீடு கிடைக்கவில்லை என்றார்.

“சும்மாவா குடுக்காக?” என்று கேட்டார் அப்பா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “மனுசருக்கே காலை நீட்ட எடமில்ல. குதிரையை எங்க கொண்டு கட்டுவிய, அடுப்படியிலயா?”

துரைசாணி நேரில் வந்து பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், எங்களையும் அதே மாதிரிப் பார்த்தாள். இதை ஒருநாளும் வண்டியில் பூட்டக் கூடாது என்று உடைந்த மலையாளத்தில் சொன்னபோது அப்பாவின் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. பிறகு, யார் இதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆகாயத்தைப் பார்த்தாள். துரைசாணி அதுவரை யாரும் கவனிக்காத ஒரு ஆளைக் கைகாட்டினாள். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷத்திலேயே மாமா காய்ச்சலில் போய்விட்டார். அந்த வீட்டார் அவளை வைத்துக்கொள்ளவில்லை. அப்பா ரயிலேறிப் போய்க் கூட்டிவந்தார். அப்போது அவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. வெள்ளைச் சேலை கட்டி, விடிவதற்கு முன் எழுந்து எல்லா வேலையும் செய்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவாள். வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை, வைததில்லை. யாரும் அவளோடு பேசியதும் இல்லை. வேலை சொல்வதைப் பேச்சில் சேர்த்தால்தான் உண்டு.

குதிரையை விட்டுப்போக வந்த அன்று, அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குதிரைக்காரச் சேட்டன் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தார். புல்தான் முக்கியம். ஊறவைத்த கொள்ளு கொஞ்சம், தவிடு கொஞ்சம். கடைசியில் விரலை ஆட்டிக்கொண்டு சொன்னார்: “சோறு கொடுக்கருது, கேட்டோ. மதுரமும் கொடுக்கருது.” சோறும் வேண்டாம், தித்திப்பும் வேண்டாம். குதிரையால் வாந்தியெடுக்க முடியாதாம். உள்ளே போனது கெட்டுப்போனால் உள்ளேயே இருந்து ஆளை முடித்துவிடுமாம். அத்தை தலையாட்டினாள்.

முதல் நாள் அதைக் குதிரை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. நான் எதிர்பார்த்தது கோயில் சுவரில் வரைந்திருக்கும் குதிரை. வந்ததோ விலா எலும்பெல்லாம் வெளியே தெரிகிற, கழுத்தில் நுகம் அறுத்த புண்ணோடு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஒரு பழுப்பு உருவம். யாராவது கையைத் தூக்கினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். அடி விழும் என்று நினைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அத்தை அதற்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்றே கூப்பிட்டாள். அப்பா அத்தையையும் ஏட்டி என்றுதான் கூப்பிடுவார், என்னையும் அப்படித்தான். அவர் உள்ளேயிருந்து “ஏட்டி” என்று ஒரு குரல் கொடுத்தால் முற்றத்தில் மூன்று தலைகள் திரும்பும். அத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதற்குத்தான்.

புல்லுக்காக அத்தை வெளியே போகவேண்டி வந்தது. வந்த நாளிலிருந்து சந்து முனையைத் தாண்டாதவள், இப்போது என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அரிவாளும் சாக்குமாகத் தினமும் போர்ட் கொச்சி மைதானத்து ஓரம்வரை நடந்தாள். வழியில் கடலைப் பார்த்து நின்றாள். எதிர்க்கரை வைப்பினுக்குப் போகிற படகில் ஏறிப் பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டாள். பிறகு அவளே, வேண்டாம், அது பசித்திருக்கும் என்று திரும்பிவிட்டாள். குதிரைக்காரச் சேட்டன் எங்காவது எதிர்ப்பட்டால் நின்று சந்தேகம் கேட்பாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கழுத்துப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். மார்கழி வருவதற்குள் புண் ஆறி, அங்கே புதிதாக மயிர் முளைத்தது. கையைத் தூக்கினால் கண்ணை மூடுவதும் நின்றது. மிளகாய் மூட்டை இறங்குகிற நாளில் குதிரை தொடர்ந்து தும்மும். அத்தை தன் சேலைத் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்துவிடுவாள். அம்மாவுக்கு அருவருப்பாக இருக்கும். “அந்தச் சேலையோட அடுப்படிக்கு வராத” என்று மட்டும் சொல்வாள். சாயங்காலம் அத்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். நான் போனால் நிறுத்திவிடுவாள். குதிரை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காதை அவள் பக்கமே வைத்துக்கொண்டு நிற்கும்.

தை பிறந்தது. எங்கள் சந்தில் பொங்கலுக்குக் குறைவில்லை, மாட்டுப் பொங்கலுக்குத்தான் திண்டாட்டம். அப்பா மாடுகளை விற்றபிறகு சந்தில் யாரிடமும் மாடு கிடையாது. முந்தின வருஷம் பால்காரச் சேட்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பசுவை வாங்கிவந்து சந்து முழுக்கப் பூஜை பண்ணினார்கள். ஆளாளுக்கு மஞ்சள் பூசிக் கொம்பில் துணி கட்டியதில் அது மிரண்டுபோய் இரண்டு நாள் பால் கறக்கவில்லை. இந்த வருஷம் சேட்டன் கையெடுத்துக் கும்பிட்டு, “வேண்டா, என்றெ பசுவினெ விட்டுரு” என்றுவிட்டார். மாடு இல்லாமல் மாட்டுப் பொங்கலா என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். அப்போதுதான் எதிர்வீட்டு வெங்காயக்கடை மாமா எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணாச்சி, மாட்டுப் பொங்கல்னா என்ன? ஒழைச்ச சீவனுக்கு நன்றி சொல்லுதது. ஒங்க குதிரை ஒழைக்காத ஒழைப்பா?”

அதில் ஒரு நியாயம் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்து முழுவதும் அவர் வீட்டு முற்றத்துக்கு வரப்போகிறது, தட்டோடும் பானையோடும்.

முந்தின நாள் சாயங்காலம் அத்தை அப்பாவிடம் வந்து நின்றாள். “அண்ணே, அதுக்குச் சோறு ஆகாது. பேருக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு குடுங்க. அதுக்கு மேல வேண்டாம்.”

“நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அத்தைதான் குதிரையைக் குளிப்பாட்டினாள். பிடரி மயிரைச் சீவிவிட்டாள். செவ்வந்தி மாலை கட்டி அதன் கழுத்தில் போட்டாள். குளித்து மாலை போட்டு நின்ற அதைப் பார்த்து, இதுதானா அது என்று சந்தே வியந்தது. நல்ல நேரம் நெருங்கியதும் அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பின்கட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. யாரும் அதைப் பற்றி யோசிப்பதே கிடையாது.

சூடம் காட்டினார்கள். குதிரையின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். தாம்பாளத்தைத் தட்டி “பொங்கலோ பொங்கல்” என்று நாங்கள் கத்தினோம். முதலில் எங்கள் வீட்டுப் பொங்கலை அப்பா வாழையிலையில் வைத்து நீட்டினார். நெய்யும் வெல்லமும் வழிகிற பொங்கல். குதிரை மோந்து பார்த்தது, ஒரே வாயில் உள்ளே இழுத்தது. இலையையும் சேர்த்துத் தின்றது. எல்லாரும் சிரித்தோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் பொங்கலைத் தின்ற குதிரை வெங்காயக்கடை மாமா வீட்டுப் பொங்கலைத் தின்னாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? அவர் வீட்டுப் பொங்கலைத் தின்றபின் மல்லிக்கடைக்காரர் வீட்டுப் பானையை எப்படித் திருப்பி அனுப்புவது? ஒரு வீட்டுப் பானையை ஒதுக்கினால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க விளங்காது என்பார்கள். அப்பாவுக்கு யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாது, சொந்தத் தங்கையைத் தவிர. எலுமிச்சங்காய் அளவு என்று முந்தின நாள் கேட்டதை அவர் எங்கே வைத்தாரோ. பானை பானையாக வந்தது. வாழ்நாளெல்லாம் அரைவயிற்றோடு ஓடிய பிராணி அது. போதும் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நீட்ட நீட்டத் தின்றது.

பின்கட்டுக் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்துவிட்டாள்.

“அண்ணே, போதும்ணே. இன்னும் குடுத்தா செத்துப்போவும்ணே.”

தாம்பாளச் சத்தம் நின்றது. நல்ல நாளில், பூஜை நடக்கிற இடத்தில், வெள்ளைச் சேலைக்காரி வந்து நின்று சாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நல்ல நாளும் அதுவுமா வாயில வார பேச்சைப் பாரு. உள்ள போ.”

அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்தாள். அப்பா கையில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள். பிறகு, சொன்ன வார்த்தை பலித்துவிடக் கூடாதே என்று சூடம் ஏற்றித் திருஷ்டி கழித்தார்கள். மீதியிருந்த வீட்டுக்காரர்களும், அபசகுனம் நீங்கட்டும் என்று இன்னும் ஒரு கை கூட வைத்து ஊட்டினார்கள்.

மத்தியானம் குதிரை முன்காலால் தரையைச் சுரண்ட ஆரம்பித்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. கீழே விழுந்து புரண்டது. மாலை போட்ட சந்தோஷத்தில் விளையாடுகிறது என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். அத்தை ஓடிவந்தாள். கயிற்றைப் பிடித்து எழுப்பி, முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடத்தினாள். அது படுக்கப் பார்க்கும், இவள் விடமாட்டாள். “நடட்டி, என் தங்கம், நடட்டி” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். இப்போது அவளை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. நல்ல நேரம்தான் முடிந்துவிட்டதே.

அப்பா ஆளனுப்பிக் குதிரைக்காரச் சேட்டனை வரவழைத்தார். அவர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, “எந்தா கொடுத்தது?” என்றார்.

“சாமி காரியம்…” என்று அப்பா இழுத்தார். “பொங்கல் கொஞ்சம்.”

சேட்டன் அத்தையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தன்னாலானதைச் செய்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குதிரையால் நிற்க முடியாமல் போயிற்று. அத்தை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் மூச்சு நின்ற பிறகும் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் உள்ளங்கை முழுக்க அந்தக் குங்குமம். அவள் அழவில்லை. அதைத்தான் சந்தில் எல்லாரும் கவனித்தார்கள்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. கருநாக்கு என்றார்கள். சொன்னாள், சொன்னபடி செத்தது என்றார்கள். புருஷனை முழுங்கியவள் குதிரையையும் முழுங்கிவிட்டாள் என்று மல்லிக்கடைக்காரர் மனைவி அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். எதனால் செத்தது என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். சேட்டன் அவரிடம் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டுத்தான் போனார். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் ஊட்டியது சந்து முழுவதும். எல்லார் கையும் சேர்ந்து செய்ததை எல்லாரிடமும் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. அப்பா நல்லவர். இதை எழுதுகிற இந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

அன்றைக்கு எனக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. பெரியவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். அத்தை வாயைத் திறந்தால் எனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று இருந்தது.

அடுத்த மாசம் வெங்காயக்கடை மாமா வீட்டில் கல்யாணம். அதற்குள் அத்தையை வேறெங்காவது அனுப்பிவிட்டால் நல்லது என்று யாரோ சாடையாகச் சொன்னார்கள். தென்காசியில் பெரியப்பா வீடு இருந்தது. அங்கே பெரியம்மாவுக்கு முடியவில்லை, வேலைக்கு ஆள் வேண்டும். எல்லாம் தோதாக அமைந்துவிட்டது. அப்பாதான் கொண்டுபோய் விடுவது, படகில் எர்ணாகுளம் போய் ரயிலேற வேண்டும். வழியனுப்ப அம்மாவும் நானும் மட்டாஞ்சேரிப் படகுத்துறைவரை போனோம். அப்பா டிக்கெட் எடுக்கப் போனார். அம்மா, தெரிந்தவர் யாரையோ பார்த்து ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

அத்தை தன் துணிமூட்டையின் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். என்னைக் கிட்டே வா என்று அவள் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலிருந்தே மெல்லக் கேட்டாள்:

“ஏட்டி, நான் உள்ள போன பொறவும் அது தின்னுச்சா?”

அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

“ஆமா அத்தை. எல்லார் வீட்டுப் பொங்கலும் தின்னுச்சி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. இன்னும் தா, இன்னும் தான்னு தலையை நீட்டிக்கிட்டே இருந்துச்சி.”

“வயிறு நெறைஞ்சிருக்குமா?”

“நல்லா நெறைஞ்சிருக்கும்.”

குதிரை செத்த அன்று அழாதவள், அத்தனை பேர் அத்தனை சொன்னபோதும் அழாதவள், படகுத்துறையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா பார்த்தால் அத்தையை என்ன சொன்னாய் என்று என்னைத்தான் பிடிப்பாள். நான் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லையே, அது வயிறாரச் சாப்பிட்டது என்றுதானே சொன்னேன், இதற்குப் போய் ஒருத்தி இப்படி அழுவாளா என்று, படகு துறையை விட்டுப் போகிறவரைக்கும் நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.